பெயர் மட்டும் இருந்த சங்கு

அணையின் மதகுகளைத் திறந்தாகிவிட்டது. ஆற்றோர ஊர்களிலெல்லாம் அபாயச் சங்கு ஊதியது. மேலக்கரையில் மட்டும் சத்தமே இல்லை என்று அக்கரைக் காவலர் போனில் சொன்னார். கட்டுப்பாட்டு அறையில் நூருன்னிசா பதறிப்போய் அந்த ஊர்ச் சங்கை இயக்கும் கணினி நிரலைத் திறந்தாள். புதுச் சங்கை விற்ற கம்பெனிக்காரர்கள் எழுதியது. ‘ஊது’ என்று பெயர் இருந்தது. அதன் அடைப்புக்குறிகளுக்குள் சங்கை ஊத வைக்கும் வரி ஒன்றுமே இல்லை. அவள் அமைத்த இன்டர்ஃபேஸ், அதாவது ஒவ்வொரு சங்கின் நிரலிலும் இருந்தாக வேண்டியவற்றின் பட்டியல், கேட்டதும் அந்தப் பெயரை மட்டும்தான். பெயர் இருந்ததால் கம்ப்யூட்டரும் ஏற்றுக்கொண்டுவிட்டது.

“அப்ஸ்ட்ராக்ட் கிளாஸா வைங்க மேடம். யாரும் எழுதாட்டியும் ஊதற மாதிரி பொதுவா ஒண்ணை நாமளே உள்ள எழுதிடலாம்” என்று உடன் வேலை பார்க்கும் எட்வின் அதை அமைத்த அன்றே சொன்னான். அவள்தான் கேட்கவில்லை.

“மதகை மூடுங்க சார்!” என்று அணைப் பொறியாளரிடம் கெஞ்சினாள்.

“மூடினாலும் போன தண்ணி திரும்பி வராதும்மா” என்றார் பொறியாளர்.

நிரலைத் திருத்தி அனுப்ப நேரமில்லை. எட்வின் எங்கெங்கோ விசாரித்து, மேலக்கரைப் படித்துறையை ஒட்டிய பெட்டிக்கடையின் எண்ணை வாங்கிக் கொடுத்தான். ஒரு பெண் எடுத்தாள்.

“தண்ணி வருது, எல்லாரையும் கூட்டிக்கிட்டு மேல ஓடுங்கக்கா!”

“சத்தமாப் பேசும்மா. துணி துவைக்கிற சத்தத்துல ஒண்ணும் விளங்கல.”

நூருன்னிசா தொண்டை கிழியக் கத்தினாள். எதிர்முனையில் போன் கீழே விழுந்தது. அந்தப் பெண் கூவிக்கொண்டே ஓடுவது கேட்டது. துணி அடிக்கும் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. ஒரு கல்லில் மட்டும் நிற்கவில்லை.