கமராவுக்குத் தடை

கரப்பந்தாட்ட இறுதிப்போட்டியன்று எங்கள் கழகத் தலைவர் தயாபரன் மைதான வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"கமராவோட உள்ள விடேலாது. போனையும் இஞ்ச தந்திட்டுப் போங்கோ."

முகநூலில் நேரலை போட வந்த பிரஷாந்தினிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன் அண்ணை, உங்கட பெடியள் விளையாடுறதை வெளிநாட்டில இருக்கிற ஆக்களும் பாக்கட்டுமே!"

"கமராவைக் கண்டா பெடியளுக்குக் கவனம் சிதறும், பிள்ளை. ஆட்டத்தைக் கண்ணால பாத்து ரசிக்கப் பழகுங்கோ."

எதிரணித் தலைவர் அப்புத்துரை வந்தார். பந்தின் நிறத்துக்கே எங்களோடு மூன்று நாள் சண்டை பிடித்த மனிதர். "தயாபரன் சொல்லுறதுதான் சரி. ஒரு படமும் வேண்டாம்" என்றார்.

தயாபரன் என் காதருகே குனிந்தார். "தப்பினம்! எங்கட பெடியளின்ர பேரில இறங்கிற ஆறு பேரும் மாங்குளம் கழகத்து ஆக்கள். படம் வெளியில போனா அவங்கட கோச் கண்டிடுவார்."

இரண்டு அணிகளும் வலையடியில் கைகுலுக்க வந்தன. எங்கள் கப்டன் எதிரணிக் கப்டனைக் கண்டு திகைத்தான்.

"டேய் மச்சான், நீங்களும் இஞ்ச வந்திட்டியளோ?"

"ஓமடா. கோச் தனக்குக் காய்ச்சலெண்டு பயிற்சியை நிப்பாட்டினவரெல்லே? அதுதான் துணிஞ்சு வந்தனாங்கள்."

மேலே, நடுவர் கதிரையில், ஊதத் தொடங்கிய விசில் பாதியில் நின்றது. பன்னிரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டிருந்த அவர்களுடைய கோச், மெதுவாகக் குனிந்து கேட்டார்:

"ஒருத்தரும் படம் எடுக்கேல்லத்தானே?"