டவர் சாய்ந்த பிறகு

புயல் நாட்களில் கடற்கரை மக்களுக்குச் செய்தி எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் தாட்சாயணியின் முனைவர் பட்ட ஆய்வு. ஒரு மீனவக் குப்பத்தின் சமுதாய வானொலியில் அறிவிப்பாளர் அஞ்சலாட்சி மூன்று நாள் விடாமல் பேசி, நிலையத்திலேயே பதிவானது முழுவதையும் அவள் கேட்டிருந்தாள். ஒலிபரப்பு டவர் முதல் நாள் மாலையே சாய்ந்துவிட்டது என்பது பிறகுதான் தெரியவந்தது. அஞ்சலாட்சியிடம் நேரிலேயே போய்க் கேட்டாள்.

"அதுக்கப்புறம் ரெண்டு நாள் யாருக்குக்கா பேசுனீங்க?"

"டவர் விழுந்ததும் சன்னலத் தொறந்து வச்சிட்டேன்," என்றாள் அஞ்சலாட்சி, மீன் ஆய்ந்துகொண்டே. "வெளிய பொம்பளைங்க நின்னாங்க. நான் சொன்னத அப்படியே அடுத்த தெருவுக்குக் கத்துனாங்க. அங்கேருந்து அடுத்த ஊருக்கு."

"எது வரைக்கும்?"

"ஏழு ஊரு. எல்லாரும் மேட்டுக்குப் போயி பொழைச்சிட்டாங்க."

தாட்சாயணி அறைக்குத் திரும்பி, பதிவை மறுபடி போட்டு ஒலியைக் கூட்டினாள். "தண்ணி ஏறுது, புள்ளைங்களத் தூக்கிட்டு மேட்டுக்குப் போங்க" என்று அஞ்சலாட்சி சொல்லி முடித்ததும், மழைக்கு அப்பால் இன்னொரு பெண் அதையே சொன்னாள். அவளுக்கு அப்பால் இன்னொருத்தி. குரல் கைமாறிக் கைமாறிக் கரையோரமாகப் போய்க்கொண்டே இருந்தது. மூச்சைக்கூடச் சத்தமாக விடாமல், ஏழாவது ஊர் வரை கேட்டுவிட முடியும் என்பதுபோல அவள் உட்கார்ந்திருந்தாள்.