பின்தங்கிய கோடு

"புதைச்சிடாதீங்க டாக்டர்! நான் வர்ற வரைக்கும் பாடியை யாரும் எடுக்கக்கூடாது!"

டெலிபோனில் கத்தினார் ஸ்ரீகண்டன். இன்னொரு கையில் பிடித்திருந்த ஈரக் காகிதப் பட்டையிலிருந்து நீலச் சாயம் அவருடைய வெள்ளைக் கோட்டில் சொட்டிக்கொண்டிருந்தது.

மறுமுனையில் டாக்டர் ஜெயலக்ஷ்மிக்கு எரிச்சல். "உங்களுக்கு அது பாடி சார். எனக்கு ரெண்டு நாள் கண்ணு முன்னாடி மூச்சுக்குத் தவிச்ச பையன். லாரி கிளீனர். அடிபட்டதும் டிரைவர் ஓடிட்டான். பேர் தெரியாது, தேடி வர ஆளும் இல்லை. நேத்து விடிகாலை போயிட்டான். நாலு மணிக்குக் கார்ப்பரேஷன் வண்டி வந்துடும்."

"வயசு?"

"பதினெட்டு, பத்தொன்பது இருக்கும். எதுக்கு?"

ஸ்ரீகண்டன் போனை வைத்துவிட்டார். சுவர்க் கடிகாரத்தில் மூன்றேகால்.

இருபது வருஷமாக அவருக்கு ஒரே வேலை. நீரில் கரையாமலும் அடியில் தங்காமலும் மிதக்கிற நுண்துகள்களுக்கு நடுவே மின்சாரத்தைச் செலுத்தி, எது எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்ப்பது. களிமண், பிசின், பால் என்று ஆரம்பித்து ரத்தத்தில் வந்து நின்றிருந்தார். சோதனை முடிந்து மிஞ்சுகிற ரத்தத்தைப் பெங்களூர் ஆஸ்பத்திரிகள் சின்னச் சீசாக்களில் அடைத்து, நம்பர் மட்டும் ஒட்டி அனுப்பிவைக்கும்.

யாருடைய ரத்தமானாலும் காகிதத்தில் ஒரே கோடாக ஓடி ஒரே இடத்தில் நிற்கும். டாக்டர் ஜெயலக்ஷ்மி அனுப்பிய பதினேழாம் நம்பர் சீசா மட்டும் இரண்டு கோடாகப் பிரிந்திருந்தது. ஒன்று வழக்கமான இடத்தில். இன்னொன்று பாதி வழியிலேயே பின்தங்கி, வர மனமில்லாததுபோல.

அசிஸ்டென்ட் டோரதி மேஜை டிராயரிலிருந்து ஐந்தாறு வருஷம் முந்தின, 1955-ஆம் வருஷத்துப் பட்டை ஒன்றை எடுத்து, இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மயிரிழைகூட வித்தியாசமில்லை.

"சார்! இத்தனை ஆயிரம் பேர்ல ரெண்டாவது ஆளு! லண்டன் ஜர்னல்ல கண்ணை மூடிட்டுப் போடுவாங்க!"

"இந்த சீசா என்னிக்கு வந்தது டோரதி?"

"திங்கக்கிழமையே வந்துடுச்சே. அன்னிக்கே ஓட்டிப் பார்த்துடலாமான்னு கேட்டேன். கட்டுரை தபால்ல போகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்னீங்க."

"திங்கக்கிழமை உயிரோட இருந்திருக்கான்."

"ஆமா சார், ச்சே! இன்னும் ரெண்டு சீசா எடுத்திருக்கலாம்."

ஸ்ரீகண்டன் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. டாக்ஸியைத் தேடி வாசலுக்கு ஓடினார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது கார்ப்பரேஷன் வண்டி மார்ச்சுவரி வாசலில் நின்றிருந்தது. காவலாளி பச்சைமுத்து நோட்டும் கையுமாகக் காத்திருந்தான்.

"இன்னா சாமி, சட்டுனு பாத்துட்டு வுடுங்க. வண்டிக்காரன் பேஜார் பண்றான். யார் பெத்த புள்ளையோ, வெளிச்சத்தோட மண்ணுக்குள்ள போவட்டும்."

டாக்டர் ஜெயலக்ஷ்மி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். "ஒரு துளிகூட வராது மிஸ்டர் ஸ்ரீகண்டன். எல்லாம் உறைஞ்சு போச்சு. இதுக்கா இவ்வளவு தூரம் ஓடி வந்தீங்க?"

அவர் துணியை விலக்கினார். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த இடது கையை மெதுவாகத் தூக்கி, முழங்கை மடிப்பில் தன் கட்டைவிரலை வைத்து அழுத்தினார், ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்து அழுத்துவதுபோல. விரலிலிருந்த சாயம் அங்கே நீலமாக ஒட்டிக்கொண்டது.

"இன்னும் நரம்பைத் தேடறீங்களா?" ஜெயலக்ஷ்மியின் குரல் உயர்ந்தது. "போதும் சார். முதல்ல ஒருத்தன் கிடைச்சான்னு உங்க அசிஸ்டென்ட் போன்ல சொன்னாளே, அவனைப் போய்ப் பிடிங்க."

"அவன் பதிமூணு வயசுப் பையன். ரெண்டாவது தடவை ரத்தம் எடுத்துப் பார்த்தாத்தான் நிச்சயமாகும்னு சொன்னேன். வேண்டாம், வலிக்குதுன்னு அழுதான். கையைப் பிடிச்சு இழுத்து உட்கார வெச்சேன். ராத்திரியோட ராத்திரியா ஓடிட்டான்."

"ஓடாம என்ன பண்ணுவான்? உங்களை மாதிரி ஆளுக்குக் குழந்தை கண்ணுல படாது, ரத்தம்தான் படும்."

"நிஜம்தான்" என்றார் ஸ்ரீகண்டன்.

வெளியே வண்டிக்காரன் மணியை அடித்தான். பச்சைமுத்து துணியை இழுத்து மூடப் போனான். ஸ்ரீகண்டன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எடுத்துட்டுப் போகக் கூடாது."

"உங்க ஆராய்ச்சிக்கு ஆஸ்பத்திரி பாடி தராது" என்றாள் ஜெயலக்ஷ்மி. "சொந்தக்காரங்க யாராவது வந்து கையெழுத்துப் போட்டாத்தான் நிறுத்த முடியும்."

ஸ்ரீகண்டன் பச்சைமுத்துவிடமிருந்து நோட்டை வாங்கிப் பார்த்தார். 'பெயர்: தெரியவில்லை. தகப்பன் பெயர்: தெரியவில்லை.' எழுதப் பேனாவை எடுத்தார், மறுபடி பைக்குள் செருகினார். நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"ரெண்டையும் அடிச்சிட்டு எழுதுப்பா. பேர் வைத்தீஸ்வரன். தகப்பன் பேர் ஸ்ரீகண்டன்."