மாலாவுக்குப் பசிக்கும்

"அக்கா, மெட்ராஸ்ல நல்ல ஓட்டலா ஒண்ணு சொல்லுங்க. நாளைக்கு மதியம் மாலாவோட சாப்பிடணும்" என்றான் அருள்முருகன்.

பக்கத்து மேஜை சுமலதாவுக்கு நம்பவே முடியவில்லை. "பாண்டி பீச்சுக்குக்கூட பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போகாத ஆளு நீ! மாமியார் ஊருக்குப் போறதுன்னதும் மனசு மாறிடுச்சா? மைலாப்பூர்ல நெய் தோசை இருக்கு, தி.நகர்ல வாழையிலைச் சாப்பாடு, அண்ணா நகர்ல பிரியாணி. எது வேணும்?"

"பாரிமுனைப் பக்கம் சொல்லுங்க."

"அந்த நெரிசல்லயா? ஏம்ப்பா?"

"குடும்பநல கோர்ட்டு அங்கதானே இருக்கு. நாளைக்கு எங்களுக்கு டைவர்ஸ் கிடைச்சுடும்."

சுமலதாவின் சிரிப்பு அப்படியே நின்றது.

"பதட்டமா இருந்தா மாலா காலையில பச்சத்தண்ணிகூட குடிக்க மாட்டா. எல்லாம் முடிஞ்சதும் பசி தாங்க மாட்டா" என்றவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"கூப்பிட்டா வருவாளாக்கா?"