மாடியில் ஐந்து பேர்

"ஒரே ஆள்னு சொல்லித்தானே மாடிக்குக் குடி வந்தா? இப்போ அஞ்சு பேர் இருக்காங்க!" வீட்டுக்காரம்மா குமுறினாள்.

"யாரும் ஏறிப் போனதை நான் பாக்கலையே," என்றார் கணவர், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"காது இருக்கில்ல? ஒரு கிழவன், ஒரு குழந்தை, ரெண்டு பொம்பளைங்க, ஒரு கரகரத் தொண்டைக்காரன். அவன் 'எல்லாத்தையும் எரிச்சிடுவேன்'ங்கிறான்!"

பொறுக்க முடியாமல் மாடியேறிக் கதவைத் தட்டினாள். "எத்தனை பேர் இருந்தாலும் சரி, வெளியே வாங்க! ஒருத்தரையும் விட மாட்டேன்!"

கதவு திறந்தது. குடியிருப்பவள் மட்டும்தான் இருந்தாள். அவளுக்குப் பின்னால் துணி அலமாரி திறந்து கிடந்தது. தொங்கும் துணிகளுக்கு நடுவே ஒரு மைக்.

"கார்ட்டூன் தொடருக்கு டப்பிங் பேசுறேன்க்கா. உலகத்தைக் காப்பாத்துற அஞ்சு வீரர்களுக்கும் நான்தான் குரல். துணிக்குள்ள நின்னு பேசினா எதிரொலிக்காது. எரிச்சிடுவேன்னு சொல்றவன்கூட நல்லவன்தான்."

வீட்டுக்காரம்மாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"ஒரு உதவிக்கா. வில்லிக்கு மட்டும் குரலே அமையல. இப்போ வாசல்ல சொன்னீங்களே, அதை அப்படியே மைக்ல சொல்லுங்களேன்."

சற்று நேரத்தில் மாடியில் ஆறு குரல்கள் கேட்டன.

ஆறாவது குரல் காதில் விழுந்ததும், கீழே கணவர் சட்டென்று டிவியை அணைத்தார்.