அண்ணாந்து நின்ற புள்ளி

பேருந்துக்காக வெயிலில் தாங்கள் காத்து நிற்கும் இடத்தையும் நேரத்தையும் ஊர்மக்களே இணைய வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டலாம். யாரும் திறந்து பார்க்கலாம். அப்படியொரு பொது வரைபடத்தைக் கொண்டுதான் நகராட்சி நிழற்குடைகளுக்கு இடம் குறித்தது. அவற்றை வடிவமைக்கும் ஜமுனாவுக்கு ஒரு புள்ளி மட்டும் பிடிபடவில்லை. பேருந்தே போகாத சந்தில் இரண்டு மாதமாகத் தினமும் நான்கு மணிக்கு யாரோ நிற்பதாக அது காட்டியது.

"பிசகா வெச்ச புள்ளிம்மா, அழிச்சிடு" என்றார் பொறியாளர்.

அழிக்கும் முன் ஒரு நடை போய்ப் பார்த்துவிடலாம் என்று நான்கு மணிக்குப் போனாள். ஆஸ்பத்திரியின் பின்சந்தில், தலையில் ஈரத்துண்டோடு ஒருவர் அண்ணாந்து நின்றிருந்தார். பெயர் சவரிமுத்து என்றார்.

"இங்க பஸ் வராதேண்ணே?"

"என் பஸ்ஸு மூணாவது மாடியில நிக்குது, பாருங்க."

மேலே ஜன்னலில் ஒரு பெண் கையசைத்தாள்.

"வீட்டுக்காரி. தொத்துநோய் வார்டு, உள்ள விட மாட்டாங்க. நாலு மணிக்கு எப்படியாவது எந்திரிச்சு வந்துருவா."

"உங்களுக்கு இங்கயே நிழற்குடை போட்டுடலாம்."

அவர் முகம் வாடிவிட்டது. "வேணாம் தாயி. நிக்கிற இடத்தைக் குறிக்கச் சொன்னாங்க, குறிச்சேன், அவ்வளவுதான். கூரை போட்டா அவ என்னைய எப்படிப் பாப்பா?"

அலுவலகம் திரும்பிய ஜமுனா கூரையை வரைந்தாள். அதில் ஜன்னலைப் பார்த்த பக்கமாக, ஒரு முகம் தெரியும் அளவுக்குத் திறப்பு விட்டாள்.

"நிழற்குடையில யாராச்சும் ஓட்டை போடுவாங்களாம்மா?" என்று பொறியாளர் சிரித்தார்.

அவள் பொது வரைபடத்தைத் திறந்து, ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி ஜன்னலில், அதே நான்கு மணிக்கு, இன்னொரு புள்ளி வைத்தாள்.