அரை நொடி

வலது கை மாவுக்கட்டைப் பிரித்ததிலிருந்து, நான் மவுஸை அழுத்தி அரை நொடி கழித்துத்தான் கேமில் துப்பாக்கி வெடிக்கிறது. அதற்குள் என்னைச் சுட்டுவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போட்டி. "கம்ப்யூட்டர் திணறுது, கிராபிக்ஸைக் குறைடி" என்று தங்கை இன்பாவிடம் எரிந்து விழுந்தேன். நிழல்களை எடுத்தாள். புல்லையும் ஆற்றில் மின்னிய வெயிலையும் எடுத்தாள். மறுபடியும் செத்தேன். மவுஸைத் தூக்கி மேஜையில் அடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது, நான் கதவருகில் நிற்பது தெரியாமல் அவள் ஒருமுறை சுட்டுப் பார்த்தாள். விரல் அசைந்ததுமே வெடித்தது. எதிரி விழுந்தான். நான் உள்ளே வரும் காலடி கேட்டு மவுஸை விட்டாள்.

"ஆமாண்ணா, இன்னும் லேட்டாத்தான் சுடுது," என்றாள், திரையைப் பார்த்தபடி.

பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வானம் இன்னும் இருக்குல்ல," என்றேன். "அதையும் எடுத்துடு."